ஊசி போடாத டாக்டர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை, ஃப்ளூ காய்ச்சலோடு மேற்கு மாம்பலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். இரண்டு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, ஊசி போட மறுத்துவிட்டார்.

“காய்ச்சல் கிருமியோட வேலை இல்ல சார். கிருமி நுழைஞ்சதை மோப்பம் பிடிச்சு உங்க உடம்பே ஏத்துற சூடு. ரெண்டு நாள் வீட்லயே படுங்க.”

ஊசி போடாதவரெல்லாம் ஒரு டாக்டரா என்ற எரிச்சலோடு அடுத்த தெரு கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். சூடு இறங்கியது. மறுநாளே தி. நகர் ஆபீஸில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே, ஆஸ்துமாக்காரரான பக்கத்து சீட்டு சரோஜா மேடம் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்க்கப் போனேன். மூச்சிரைக்க அவர் முதலில் கேட்டது, “உங்களுக்கு இப்ப தேவலையா சார்?”



அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது அது டாக்டர் மேல் இல்லை.