சிசிலியின் கிறீம் சலாட்டும் அரசியக்காவின் நேர்த்தியும்

சிசிலிக்குச் சமையல் வராது. இதை அவளே எல்லாருக்கும் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். கனடாவில் மொன்ட்ரியால் நகரத்து அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிற மனுசி இப்படிச் சொன்னால் ஆர் நம்பப் போகிறார்கள்? ஆனால் உண்மை அதுதான். அங்கே அவளுக்குக் கரட் வெட்டுகிற வேலையும் கோப்பை கழுவுகிற வேலையும். மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற வீட்டிலோ கறி வைப்பது புருசன் அல்பேட். அவன் வைக்கிற நண்டுக்கறிக்குக் கோயில் சனம் முழுக்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

அதனால் அந்தக் கத்தோலிக்கக் கோயில் பங்கிலே ஒரு கொண்டாட்டம் என்றால் மற்றப் பெண்களுக்கு ரோல்ஸ், கட்லட், ஆட்டிறைச்சி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் "சிசிலி, நீர் சோடாப் போத்தல் கொண்டு வாரும்" என்பார்கள். சிசிலி தலையை ஆட்டிவிட்டு வருவாள். வெளியில் சிரிப்புத்தான், உள்ளுக்குள் சுட்டுக்கொண்டே இருந்தது.

அப்படி இருந்தவளுக்கு ஒரு மார்கழி நத்தார்க் காலத்தில் விடிவு வந்தது. இல்லத்துக் குசினியில் லீஸ் என்றொரு கியூபெக்காரி வேலை செய்தாள். அவள் ஒரு பெரிய கிண்ணத்தில் என்னவோ வெள்ளையாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். ரின்னில் அடைத்த அன்னாசி, ரின்னில் அடைத்த தோடம்பழச் சுளை, சிவப்புச் செரி, தேங்காய்த் துருவல், புளிப்புக் கிறீம், பிறகு கைநிறையக் குட்டிக் குட்டி மாஷ்மலோ. அடுப்பே மூட்டவில்லை. சிசிலி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அடுப்பு இல்லையென்றால் அடிப்பிடிக்கிற பயமும் இல்லையே!

லீஸ் சொல்லித் தந்ததில் இரண்டே இரண்டு கண்டிப்பு. பழத்தின் தண்ணீரை அரிதட்டில் போட்டு நன்றாக வடிய விடவேண்டும். குழைத்ததை இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் வைக்கவேண்டும், இடையில் திறந்து பார்க்கக் கூடாது. சிசிலி வீட்டுக்கு வந்து செய்தாள். விடிய எழும்பிக் கிண்ணத்தைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல்நாள் துண்டு துண்டாகக் கிடந்த சாமான்கள் எல்லாம் ஒன்றாகிப் போயிருந்தன. மாஷ்மலோ பழச்சாற்றைக் குடித்துக் குடித்து ஊதி, பாதி கரைந்து, கரண்டி வைத்தால் பொதுக்கென்று உள்ளே போனது. தான் நித்திரை கொண்ட நேரத்தில் ஆரோ வந்து சமைத்துவிட்டுப் போனதுபோல அவளுக்கு இருந்தது. "இஞ்சை வந்து பாருங்கோப்பா, இதை நானே செய்தனான்?" என்று அல்பேட்டைத் தட்டி எழுப்பினாள்.

கோயில் மண்டபத்துக்கு முதல்தரம் கொண்டுபோனபோது யோசெப்பின் மாமி மூக்கைச் சுளித்தாள். "கண்டறியாத சலாட்! பழத்துக்குள்ளை பஞ்சைப் போட்டுக் கொண்டந்திருக்கிறாள்" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அதே மாமிதான் மூன்றாம் தரம் கோப்பையை நீட்டினாள். அதற்குப் பிறகு மொன்ட்ரியால்-நோரில் சிசிலியின் கிறீம் சலாட் இல்லாமல் ஒரு பிறந்தநாள் இல்லை, ஒரு சாமத்தியவீடு இல்லை, ஒரு முதல்நன்மை இல்லை. புரோசார்ட்டில் இருந்துகூடப் பாலம் கடந்து வந்து கேட்டார்கள். சோடாப் போத்தல் வேறு ஆருடைய தலையிலோ விழுந்தது.

இனி அரசியக்காவின் கதைக்கு வருவோம். மங்கையற்கரசி என்பது முழுப்பெயர். சிசிலி இருந்த கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் புருசன் மகேந்திரராசாவோடு இருந்தாள். சைவக் குடும்பம். ஆனால் கோயில் சனத்தின் கொண்டாட்டம் எதுவும் அவள் இல்லாமல் நடக்காது, அவ்வளவு பழக்கம். சைவக்காரி என்றாலும் வடமராட்சிக் கடற்கரைப் பிறப்பு, மீன் இல்லாமல் சோறு இறங்காது. நண்டின் காலைப் பல்லாலே உடைத்து உறிஞ்சுகிற மனுசி. அப்படிப்பட்டவள் ஒருநாள் மீன், இறைச்சி என்று மச்சத்தை அடியோடு விட்டுவிட்டாள்.

மகன் நிமலனுக்காகத்தான். ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கு வெளிக்கிட்ட பொடியன், செனகலில் இருந்து ஒரே ஒரு தரம் ரெலிபோன் எடுத்தான். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. "அவன் என்ரை வாசலிலை வந்து நிக்குமட்டும் மச்சம் வாயிலை வையன்" என்று அரசியக்கா சன்னதி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். கொண்டாட்டங்களில் எல்லாரும் ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு மூலையில் இருந்து பருப்பும் தயிரும் சோறுமாகப் பிசைவாள். அதைப் பார்க்கச் சிசிலிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சலாட்டைப் போட்டுக்கொண்டுபோய், "அக்கா, இதிலை மச்சம் ஒண்டும் இல்லை. பழமும் பாலும்தான். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" என்றாள்.

அரசியக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "எடி பிள்ளை, நாக்கு எண்டு ஒண்டு இருக்கிறதையே நான் மறந்துபோனன்" என்றாள்.

அன்றிலிருந்து அரசியக்காவுக்கென்று ஒரு தனிக் கிண்ணம். சிசிலி முழுகிவிட்டுத்தான் அந்தக் கிண்ணத்தில் கை வைப்பாள். தனிக் கரண்டி, தனி மூடி. மண்டபத்தில் ஆருடைய இறைச்சிக் கரண்டியும் பட்டுவிடாமல் பக்கத்திலேயே காவல் நிற்பாள். அல்பேட் ஆட்டிறைச்சி வைத்தால் அந்தச் சட்டிக்கு அன்றிரவு பிரிஜ்ஜில் இடம் கிடையாது. பல்கனியில் பனிக்குள் கிடக்கவேண்டியதுதான். "இறைச்சிக்கு நாடு கடத்தல்" என்று அல்பேட் முணுமுணுப்பான். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வைகாசியில் சிசிலியின் மகள் அனோஜினிக்கு முதல்நன்மை, கோயிலில் முதல்தரம் நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் ஒருத்தி விலகிப் போகிறாள் என்று சிசிலி சலாட் கொண்டுபோயிருந்தாள். எல்லாரும் அள்ளிக்கொண்டார்கள். நாதியா என்ற அல்ஜீரியாப் பெண் மட்டும் "நோன், மெர்சி" என்றாள்.

"இதிலை இறைச்சி இல்லை, நாதியா. பழம்தான்" என்று சிசிலி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்.

"மாஷ்மலோ இருக்கிறதே! எலும்பையும் தோலையும் அவித்து எடுக்கிற பசையில்தான் அதைச் செய்கிறார்கள். பன்றியோ மாடோ, ஆருக்குத் தெரியும்? நாங்கள் தொடமாட்டோம்" என்றாள் நாதியா, காலநிலை சொல்வதுபோலச் சாதாரணமாக.

சிசிலி கரண்டியைக் கீழே வைத்தாள். முழுகிவிட்டு, தனிக் கரண்டி போட்டு, ஆட்டிறைச்சியைப் பனிக்குள் துரத்திவிட்டு, இவள் இவ்வளவு காலமும் அரசியக்காவுக்குத் தன் கையாலேயே மச்சம் ஊட்டியிருக்கிறாள்! பஸ்ஸில் வரும்போது யன்னலில் தலையைச் சாய்த்து அழுதாள். வீட்டுக்குள் வர ரெலிபோன் அடித்தது. அரசியக்காதான். "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை என்ரை கிண்ணத்தை மறந்திடாதை."

அல்பேட் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை உதறினான். "உமக்கென்ன விசரே? தெரியாமல் குடுத்தது, தெரியாமல் சாப்பிட்டது. அந்த மனுசி அந்த நேர்த்தி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் உயிரோடை இருக்குது. நீர் போய் அது எப்பவோ முறிஞ்சுபோச்செண்டு சொல்லப்போறீரோ? மகன் இனி வரமாட்டான் எண்டு நினைச்சால் அது தாங்குமோ?"

அவன் சொன்னதும் சரிதான். சொன்னால் அந்தத் தாயின் நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் அவள் ஏமாந்துகொண்டே இருப்பாள். சிசிலிக்கு இரவு முழுக்க இதே போராட்டம். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

அரசியக்கா குசினி மேசையில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சிசிலி கதிரையில்கூட இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். "அக்கா, எனக்குத் தெரியாது. அந்தோனியார் அறிய எனக்குத் தெரியாது" என்று கடைசியில் விம்மினாள்.

கத்தி நின்றது. அரசியக்கா சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். பிறகு சிசிலியைப் பார்த்தாள். எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சிசிலிக்கு ஓடிப்போகலாமா என்றிருந்தது, ஆனாலும் நின்றாள்.

அரசியக்கா தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள். திருநீறு பூசினாள். படத்துக்கு முன்னால் கர்ப்பூரம் கொளுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோல, "முருகா, முந்தினது கணக்கில்லை. இண்டையிலயிருந்து துவங்கிறன்" என்றாள்.

"அக்கா, அப்ப இவ்வளவு வருஷமும்?" என்றாள் சிசிலி.

"அது போச்சு. அதுக்கு என்ன செய்யிறது? என்ரை பிள்ளை வராமல் நான் விடப்போறனே? நீ கண்ணைத் துடை, தேத்தண்ணி போடுறன்."

அம்மாடி, அதென்ன மனசு! சிசிலி எத்தனையோ பெரிய ஆட்களைக் கண்டிருக்கிறாள். ஆயர்மாரின் மோதிரத்தை முத்தி செய்திருக்கிறாள். மலைமேல் இருக்கிற சூசையப்பர் கோயிலின் படிகளில் முழங்காலால் ஏறுகிறவர்களைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறாள். ஆனால் ஈரத்தலையோடு சீனிப் போத்தலைத் தேடிக்கொண்டு நின்ற இந்த மனுசிக்கு முன்னால் நிற்கத்தான் அவளுக்கு உடம்பு புல்லரித்தது. முழுசாகப் பாழாய்ப் போன ஒன்றை, ஒரு பெருமூச்சுக்கூட விடாமல், முதலில் இருந்து தொடங்குகிறாள்!

அதோடு முடியவில்லை. மறுநாள் மண்டபத்தில் யோசெப்பின் மாமி, "என்ன அரசி, சலாட் எடுக்கேல்லையோ?" என்று கேட்டாள். "வயித்துக்குச் சரியில்லை, மாமி" என்றாள் அரசியக்கா. சிசிலியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

முதல்நாள் மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டில் இறங்கி வரும்போதே சிசிலி தன் பாட்டில் ஒன்றை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். அவருக்கு அவளும் ஒரு நேர்த்தி வைத்தாள். நிமலன் வந்து சேருமட்டும் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. மகளின் முதல்நன்மைச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறகு கிறீம் சலாட் செய்வதையும் விட்டாள். கேட்டவர்களுக்கு "இப்ப ரின் பழம் சரியில்லை" என்று சாட்டுச் சொன்னாள். சனத்துக்குக் கோபம். "பெருமை பிடிச்சுப்போச்சு" என்றார்கள். சோடாப் போத்தல் திரும்பவும் அவள் கைக்கு வந்தது. அல்பேட் அவள் மெலியப் பார்க்கிறாள் என்று நினைத்து, "இந்த வயதிலை ஆருக்குக் காட்ட?" என்று பகிடி பண்ணினான். அவனுக்குக்கூட அவள் நேர்த்தியைச் சொல்லவில்லை. நண்டுக்கறி கொதிக்கிற நாட்களில் மட்டும் பல்கனிக்குப் போய் நிற்பாள்.

அடுத்த வருஷம் இலைகள் கொட்டுகிற நேரம், மூன்றாம் மாடியில் ஒரு கூக்குரல். சிசிலி பதறியடித்துக்கொண்டு வெளியில் வர, மகேந்திரராசா அண்ணை வீட்டுச் செருப்போடு படிகளில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். "பொடியன்! லாக்கோல் போடரிலை நிக்கிறானாம்! அமெரிக்காவாலை வந்து நிக்கிறானாம்!" என்று கத்தினார். தாய் தகப்பன் இங்கே இருக்கிறபடியால் அவனை உள்ளே விட்டார்கள். அரசியக்கா வாசலில் இருந்து அசையவே இல்லை. மகன் படியேறி வந்து முன்னால் நின்றதும் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாளாம். சிசிலி கீழே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாளில் ரெலிபோன் வந்தது. "பிள்ளை, சனிக்கிழமை எங்கடை வீட்டிலை சாப்பாடு. அல்பேட் தம்பியை நண்டு வைக்கச் சொல்லு. நீ கிறீம் சலாட் செய்."

"ஓம் அக்கா. மாஷ்மலோ போடாமல் செய்யிறன்."

"உனக்கென்ன விசரே? போட்டுத்தான் செய்!"

சனிக்கிழமை வீடு கொள்ளாத சனம். நிமலன் வெட்கப்பட்டுக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். அல்பேட் சட்டியைத் திறந்ததும் நண்டுக்கறி வாசம் மூன்று மாடிக்கும் போனது. அரசியக்கா நேர்த்தி முடித்து நண்டை எடுக்கிறதைப் பார்க்க எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் நண்டுச் சட்டியைக் கையால் ஒதுக்கிவிட்டு, "சிசிலி, கிண்ணத்தைக் கொண்டு வா" என்றாள்.

சிசிலி கொண்டுவந்தாள். அரசியக்கா கரண்டி நிறைய அள்ளினாள். மாஷ்மலோ இரண்டு மூன்று வருகிறமாதிரிப் பார்த்தே அள்ளினாள். "நான் சாப்பிடப்போற முதல் மச்சம் இதுதான்" என்று முருகன் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாயில் வைத்தாள்.

"இவளுக்கென்ன, அது பழமெல்லோ?" என்று யோசெப்பின் மாமி பக்கத்தில் நின்றவளின் காதைக் கடித்தாள்.

அரசியக்கா அதே கரண்டியால் இன்னொருதரம் அள்ளிச் சிசிலியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீயும் அண்டையிலயிருந்து மச்சம் தொடேல்லை" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அக்கா... ஆர் சொன்னது?"

"மச்சம் விட்டவளுக்கு மச்சம் விட்டவளைத் தெரியாதே? ஒவ்வொரு பந்தியிலும் உன்ரை கோப்பையைப் பாத்துக்கொண்டுதான் நான் என்ரை தயிர்ச்சோத்தை விழுங்கினனான். வாயைத் திற, பிள்ளை. அவன் வந்திட்டான்."

சிசிலி வாயைத் திறந்தாள்.