பந்தியில் பேசியது யார்?

அல்லிநகரத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, வீடியோ எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு எச்.டி. கேமரா வாங்கியிருந்தேன். ஐயர் முதுகில் உட்கார்ந்திருந்த கொசு, அப்பா அவசரச் சவரத்தில் விட்டுவிட்ட நாலு முடி, எல்லாம் அதில் துல்லியமாக விழுந்திருந்தன. ஆனால் என் கம்ப்யூட்டர் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. எச்.டி. படத்தைப் போட்டதும், குமுளி மலையேறும் சரக்கு லாரி மாதிரி முக்க ஆரம்பித்தது. படத்தில் வாசலுக்குள் வருகிற மாமா ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிடுவார். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்தக் காலைக் கீழே வைத்திருப்பார்.

நான் எடிட் செய்து முடிக்கும்வரை அம்மாவுக்குப் பொறுமையில்லை. "பந்தியை மட்டும் காட்டுடா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். ஆனாலும் சேமியா பாயசத்தை மட்டும் அம்மா யாரையும் தொடவிடவில்லை. போடியிலிருந்து ஏலக்காய் வரவழைத்துத் தானே வைத்தாள். அதைச் சொந்தக்காரர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

பந்தி ஓடியது. அப்பாவும், அடுத்த இலையில் அவருடைய அக்காவான சின்னமனூர் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியின் நாகஸ்வரத்தையும் மீறி ஒரு கட்டைக்குரல் கேட்டது.

"பாயசமா இது? சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் போல."

அந்த நேரம் திரையில் அசைந்தது அப்பாவின் வாய்.

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பி, மிக அமைதியாகக் கூப்பிட்டாள். "ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்க."

அப்பா வந்தார். நான் மறுபடி ஓட்டிக் காட்டினேன். மறுபடியும் அதே வாய், அதே பேச்சு.

"நான் எப்ப சொன்னேன்?"

"இந்தா, வாய் அசையுதுல்ல? இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்பா குனிந்து தன் வாயையே உற்றுப் பார்த்தார். அம்மா எழுந்து போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏலே, நெசமாவே சொல்லியிருப்பேனோ?"

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சீனியில்லாத டீதான். கேட்டால், "சீனி போட்டா அதுவும் ஒட்டிக்கிரும்ல" என்றாள் அம்மா.

தேனியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பனிடம் கம்ப்யூட்டர் முக்குவதைச் சொன்னேன். பழைய மெஷின் இவ்வளவு பெரிய படத்தைத் தாங்காது, படம் பின்தங்கிவிடும், சத்தம் முன்னால் ஓடிவிடும் என்றான். ஒவ்வொரு காட்சிக்கும் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து எடிட் செய்யச் சொன்னான். அப்படியே செய்தேன். மாமா தடங்கலில்லாமல் வீட்டுக்குள் வந்தார். பந்தியும் வந்தது. போஸ்டர் ஒட்டியது அத்தையின் வாய்! அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒரே தொண்டை. போனை எடுத்தால் யாரென்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம். அப்பாவின் வாய் அசைந்தது அதற்குச் சற்று முன்னால். அதில் வந்த பேச்சு, "இன்னொரு கரண்டி ஊத்துப்பா."

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"ஞாயித்துக்கெழம அக்கா இதப் பாக்கத்தான வர்றாக?"

"ஆமா."

"உங்கம்மா முன்னாடியா?"

"அந்த இடத்த வெட்டிரவா?"

"வெட்டுனா, அது எங்கனன்னு கேப்பாளே." திரையில் தன் வாயை மறுபடி பார்த்தார். "பேசாம அந்தப் பேச்ச என் வாய்லயே வச்சிரு. நானே சொன்னதா இருந்துட்டுப் போகுது."

கம்ப்யூட்டர் தன்னையறியாமல் செய்த தப்பை நான் கையால் செய்ய அரை நாள் பிடித்தது. 'பாயசம்' என்ற சொல் உதட்டில் உட்காரவே மாட்டேனென்றது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டோம். பந்தி வந்ததும் அத்தை சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தார். போஸ்டர் பேச்சு அப்பாவின் வாயிலிருந்து வந்தது. அத்தை திகைத்துப்போய் டிவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா தம்பி, இப்படியா சொல்றது? அவ எம்புட்டுப் பாடுபட்டு வச்சா! பாயசம் நல்லாத்தான இருந்துச்சு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

"விடுங்க மதினி, அவுக பேச்சு எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லி, அத்தைக்கு இன்னும் நாலு முறுக்கு வைத்தாள் அம்மா.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட அப்பா கிளம்பிப் போனார். தட்டுகளை எடுத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள். "நல்லாத்தான் ஒட்டியிருக்க. ஆனா மதினி சத்தம் எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு அப்பாவ வஞ்ச?"

"அவுகள வஞ்சா நாலு நாள்ல சரியாயிரும். மதினிய வஞ்சா நாலு வருசம் ஆகும். அதுக்காக யாரையும் வையாம இருக்க முடியுமா?"

இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே வரவிருந்த பெரிய சண்டையைத் தனியாளாகத் தடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மனுசன் சந்தோஷமாக இருக்கிறார்.