முன்சக்கரம் தூக்கிய பேட்டரி கார்

ஜுபைர் பாய் பொய் சொல்லமாட்டார். செங்கம் ரோட்டில் அவரை யாருக்கும் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதுமான காரணம். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், அது யாருடைய மடத்தனத்தால் செத்தது என்பதை முதலில் விளக்குவார், சரிசெய்வது அதற்கப்புறம்தான். திட்டு வாங்கியவர்கள் இனி இந்தக் கடைப்பக்கமே வரமாட்டோம் என்று சொல்லிப் போவார்கள். அடுத்த பேட்டரி மக்கர் செய்ததும் வந்து நிற்பார்கள். அவர் வேலை அப்படி.

சுவருக்கு அந்தப் பக்கம் ராமதாஸின் வெல்டிங் பட்டறை. ராமதாஸின் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பது பாய் கடை ஆசிட் ஆவியால். பாயின் தார்ப்பாயில் ஓட்டை விழுவது ராமதாஸின் தீப்பொறியால். இரண்டு புகாருமே உண்மை. அதனாலேயே சமாதானத்துக்கு வழியில்லாமல் போயிற்று. பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது.

இவர்கள் நடுவில் வந்து மாட்டியவர் புகழேந்தி. ரமணாசிரமம் பக்கம், மலையைப் பார்த்து ஏறும் ஒரு சந்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். அங்கே தங்குகிறவர்கள் தியானத்தில் மணிக்கணக்காகச் சம்மணம் போட்டு அசையாமல் உட்காருவார்கள். அந்த மேட்டில் பெட்டியோடு ஏறச் சொன்னால் மட்டும் முட்டி வலி வந்துவிடும். அவர்களுக்காக, எங்கோ கோல்ஃப் மைதானத்தில் ஓட்டிக் கழித்துவிட்ட பழைய பேட்டரி கார் ஒன்றை வாங்கிவந்தார். இரண்டு பேர் உட்காருகிற வண்டி. இன்னும் மூன்று பேர் உட்காரவேண்டும், மேடும் ஏறவேண்டும் என்றார்.

வண்டி முதலில் ராமதாஸிடம் போனது. பின்பக்கச் சட்டத்தை நீட்டி, பின்னால் போகும் ரோட்டைப் பார்த்தபடி மூவர் உட்கார ஒரு சீட் வைத்தார். அழகான வேலை. பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு ஜுபைரிடம் வந்தது. முன்சீட்டுக்கு அடியில் வரிசையாக இருந்த ஈய பேட்டரிகளைப் பாய் பிடுங்கி எறிந்தார். மோட்டாருக்குப் புது கன்ட்ரோலர், தடித்த கேபிள், ஒரு ஆள் தூக்கக்கூடிய லித்தியம் பெட்டி. அதுவும் அழகான வேலை.

டீக்கடையில் ராமதாஸ், கடைக்காரர் சுப்பனிடம் சொன்னார், அடுத்த பெஞ்சில் பாய் உட்கார்ந்திருக்கும்போதே.

“டிபன் பாக்ஸ் சைசுல பேட்டரி வச்சிருக்காராம் சுப்பா. பாதி மேடு ஏறுமா?”

பாயும் சுப்பனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“ஏறலன்னா கடைய மூடிடறேன்னு சொல்லு.”

சுப்பன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை; டீ ஆற்றினார். ஆனால் கடை முழுக்கக் கேட்டாயிற்று.

சோதனை ஓட்டத்தன்று பின்சீட்டில் புகழேந்தியின் சமையல்காரரும், டீக்கடையில் வெட்டியாக இருந்த கனத்த உடம்புக்காரர்கள் இருவரும் ஏறினார்கள். ஓட்டியது பாய். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மேடு தொடங்கிய இடத்தில் அதன் மூக்கு மெதுவாக எழுந்தது. முன்சக்கரங்கள் காற்றில் நிற்க, பாய் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய், புகழேந்தியின் ‘அமைதிக்கு வருக’ என்ற போர்டைச் சாய்த்துவிட்டு நின்றது.

விஷயம் சின்னது. ஈயத்தின் கனம்தான் அதுவரை வண்டியின் முன்பக்கத்தைத் தரையில் அமுக்கி வைத்திருந்தது. அது இருக்கும் என்று நம்பி ராமதாஸ் பின்னால் நீட்டினார். நீட்டியதைக் கண்ணால் பார்த்தும் ஜுபைர் கனத்தை எடுத்தார். ஒருவர் இன்னொருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பதைவிட போர்டு சாய்வது இருவருக்கும் சுலபமாக இருந்தது.

பாய் வந்து ஷட்டரை இறக்கினார். புகழேந்தி கெஞ்சினார், அதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்று. விளையாட்டுக்குச் சொல்லும் பழக்கம் தனக்கு இல்லை என்றார் பாய். வீட்டில் உட்கார்ந்து மிக்சியையும் ஃபேனையும் குறை சொன்னார். கடைசியில் மனைவி முன்னி பேகம் செருப்பை எடுத்துவந்து வாசலில் போட்டார்.

“வெளிய போய் யாரையாவது திட்டிட்டு வாங்க. என்னால மட்டும் தாங்க முடியல.”

வண்டி ராமதாஸின் பட்டறையில் நின்றிருந்தது. பாய் அங்கேதான் போனார். ராமதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வழி தவறி வந்துவிட்டாரா என்று வண்டியிடம் விசாரித்தார். பாய் கன்ட்ரோலரைப் பார்க்கவேண்டும் என்றார், அவரும் வண்டியிடம்தான். அப்புறம் இரண்டு பேரும் நேராகவே திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வண்டி மூலமாகத் திட்டினால் வேலை நகராது. ராமதாஸ் முணுமுணுத்தபடி தன் சட்டத்தில் ஒரு ஜாண் வெட்டி, பின்சீட்டை முன்னால் தள்ளிப் பற்றவைத்தார். பாய் லித்தியம் பெட்டியை டிரைவர் காலுக்கு முன்னால் நகர்த்தி, அதன் அடியில் ராமதாஸ் கொடுத்த இரும்புப் பலகையை வைத்து முடுக்கினார். கனத்தைக் குறைக்கப் பாடுபட்டவர் கனம் ஏற்றுவதைப் பார்த்து ராமதாஸ் விசிலடித்தார்.

மறுநாள் அதே மூன்று பேரோடு வண்டி மேடேறி, கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றது. புகழேந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. பாய்க்கு மட்டும் அதில் பாதிதான் திருப்தி. ஏறியது இரண்டாவது தடவை. சொன்ன சொல் முதல் தடவைக்கானது. யாருக்குச் சொன்னாரோ அந்த ஆள் விட்டுக்கொடுத்தால் ஒழிய ஷட்டர் ஏறாது.

ராமதாஸ் அதற்காகவே காத்திருந்தார்.

“தப்பு என்னுதுதான்னு ஒத்துக்க பாய். இப்பவே கடைய தெறந்துக்க.”

ஒரு சின்னப் பொய் போதும். வேறு யாராக இருந்தாலும் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்திருப்பார்கள்.

“உன் சீட்டுலயும் தப்பில்ல, என் பேட்டரியிலயும் தப்பில்ல. ரெண்டு பேரும் வாயத் தெறக்காம இருந்ததுதான் தப்பு. அதுல பாதி உன்னுது.”

“இத சுப்பன் கடையில எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?”

“சொல்லுவேன். உன் பாதிய விட்டுட்டுச் சொல்லமாட்டேன்.”

ராமதாஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாய் சொன்னால் ஊர் நம்பும். அந்த ஆள் பொய் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்த தொல்லை.

“ஒண்ணும் சொல்லவேணாம். போய் கடையத் தெற.”

ஷட்டர் பாதி ஏறி நின்றுகொண்டது. ராமதாஸ் கம்பியோடு வந்து, எண்ணெய் விடக்கூடத் துப்பில்லை என்று சொல்லிக்கொண்டே நெம்பினார். அது துருப்பிடித்தது எவனுடைய பொறி விழுந்து பெயிண்ட் கருகியதால் என்று பாய் அடியிலிருந்து தூக்கியபடியே விளக்க ஆரம்பித்தார்.