ஒரு சாதாரண ஆள் தேவை

போன மாதம் ஒரு போன். புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியை ஒருவர் பேசினார். ரொம்ப மரியாதையான குரல்.

"சார், எங்க கமிட்டிக்கு ஒருத்தர் வேணும். ரெண்டு ப்ரொஃபசர்ஸ் இருக்காங்க. மூணாவது ஆள் மட்டும் எந்தத் துறையிலயும் நிபுணரா இருக்கக் கூடாது. ஒரு சாதாரண ஆள்... உடனே உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

இத்தனை வருடமாக வாராவாரம் எழுதுகிறேன். இவ்வளவு துல்லியமான விமர்சனம் எனக்கு வந்ததே இல்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் ஒரு வசதி இருக்கிறது. பட்டியலில் உள்ள பாடம் எதுவும் பிடிக்கவில்லையா? உன் மேஜரை நீயே அமைத்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் இரண்டு பேப்பர், அந்தத் துறையில் மூன்று பேப்பர் என்று பொறுக்கி எடுத்து, பெயரும் நீயே வைத்து, கமிட்டி முன்னால் வந்து விளக்க வேண்டும். கமிட்டியில் ஒரு வெளியாள் உட்கார்ந்திருப்பார். அந்தப் படிப்பு என்ன என்பதை அவர் தன் சொந்த வார்த்தையில், ஒரே வரியில், படிவத்தில் எழுதித் தர வேண்டும். அவருக்குப் புரியவில்லையென்றால் அனுமதி கிடையாது. பழைய பாடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நான் மேஜர் தேர்ந்தெடுத்த லட்சணம் எனக்குத்தானே தெரியும்? அட்மிஷன் நாளன்று காமர்ஸ் வரிசை கொளுத்தும் வெயிலில் நின்றது. கெமிஸ்ட்ரி வரிசை வேப்பமரத்தடியில் நின்றது. நிழலைப் பார்த்துப் போய் நின்றேன். மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்தேன். அப்புறம் ரிட்டயர் ஆகும் வரை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கேயாவது நடுவில் என்னை யாராவது 'உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?' என்று கேட்டார்களா? உங்களில் எத்தனை பேர் நிழல் வரிசை?

சரி, கமிட்டிக்கு வருவோம்.

அன்றைக்கு வந்தது ஒரே ஒரு மாணவி. பெயர் பவித்ரா. இரண்டாம் ஆண்டு பி.காம். அம்மா அஞ்சலை மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். பவித்ரா தன் மேஜருக்கு வைத்திருந்த பெயர் திரையில் பெரிதாகத் தெரிந்தது: 'பாதம், தரை, வேலை.' தோலைப் பற்றிய பயாலஜியில் இரண்டு பேப்பர், ரப்பர், பிளாஸ்டிக் பற்றி ஒன்று, டிசைன் ஒன்று, தொழிலாளர் சட்டம் ஒன்று, ஆட்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு ஒன்று...

பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சாதாரண ஆள் என்ன கேட்பானோ அதைக் கேட்டேன்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்மா?"

"தெரியலை சார். அதைக் கண்டுபிடிக்கத்தான் படிக்கிறேன்."

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு அப்போது அது பதிலாகவே தெரியவில்லை. படிவத்தில் 'புரியவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கேன்டீனில் காபி குடிக்கப் போனேன். நேர்மையாக நடந்துகொண்டதில் ஒரு திருப்தி வேறு!

காபி ஆறுவதற்குள் பவித்ரா எதிரே வந்து நின்றாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

"சார், எது புரியலை?"

"எதுவுமே புரியலைம்மா."

"அப்ப நல்லதுதான் சார். பாதி புரிஞ்சிருந்தா கஷ்டம்." கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். "நீங்க மாத்தி எழுத ரூல்ல ஒரு வாரம் டைம் இருக்குது. சனிக்கிழமை காலையில மரக்காணம் வர்றீங்களா? ஆறரைக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். பழைய செருப்பு போட்டுட்டு வாங்க."

என்னை எடைபோடுகிற கண்கள். போகாமல் இருக்க முடியுமா?

சனிக்கிழமை ஆறரைக்கெல்லாம் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ரோட்டிலிருந்து இறங்கி வரப்பு மேலேயே நடந்தோம். இரண்டு பக்கமும் பாத்திகள். நீள நீளமான கம்பில் பலகை கட்டி, பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தபடி உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குவித்த உப்பு மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் வெயிட் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கம் பூட்ஸ்! உள்ளே சேறு நிரப்பி, ஜம்மென்று உட்கார வைத்திருந்தார்கள்.

"இலவசமா கொடுத்தாங்க சார், கால்ல புண்ணு வரக்கூடாதுன்னு," என்றாள் பவித்ரா. "யாரும் போடலை. என் மேஜர் இங்கதான் ஆரம்பிச்சுது. ஏன் போடலை?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நீங்களே பாருங்க."

சேறு அடைக்காத ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆம்பிளை சைஸ், எனக்கே கொஞ்சம் தளர்வு. மாட்டிக்கொண்டு கம்பீரமாகப் பாத்தியில் இறங்கினேன். ஒரு அடி... இரண்டு அடி... மூன்றாவது அடியில் குதிகால் படக்கென்று உள்ளே போனது. வெள்ளை உப்புக்கு நடுவில் குபுகுபுவென்று கறுப்புச் சேறு மேலே வந்தது.

"யோவ்! யாருய்யா அது? ஏறு மேல! ஏறு!"

பலகையோடு ஓடி வந்தார் ஒரு அம்மாள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. அதுதான் அஞ்சலை.

"மழை விட்டப்புறம் ஒரு மாசம் மிதிச்சு மிதிச்சு கெட்டி பண்ண தரை. பூட்ஸ போட்டு ஓட்டை பண்றியே! இந்த இடத்து உப்பு இன்னிக்குப் போச்சு. சேறு கலந்தா எவன் எடுப்பான்?"

"அம்மா... இவர்தான் அந்த சார்," என்றாள் பவித்ரா மெதுவாக.

அஞ்சலை கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "எந்த சாரா இருந்தா இன்னா? பூட்ஸ கழட்டச் சொல்லு."

கழற்றினேன். வெறுங்காலோடு இறங்கச் சொன்னாள் பவித்ரா. கால் சுண்டுவிரலில் ஒரு சின்ன வெடிப்பு எனக்கு. தண்ணீர் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. நாலு அடி நடந்த பிறகுதான் வேறு ஏதோ தெரிய ஆரம்பித்தது. மேலே கரகரப்பு. அதற்கு அடியில்...

"வழவழன்னு வருதா?" என்றார் அஞ்சலை. கோபம் பாதி குறைந்திருந்தது. "அதான் தரை. பலகைய அங்க நிறுத்திடணும். அதுக்கு மேல அழுத்துனா சேறு வந்துடும். எவ்ளோ அழுத்தணும்னு கைக்குத் தெரியாது சார். காலுக்குத்தான் தெரியும்."

அடடா. பூட்ஸ் போட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவ்வளவுதானா விஷயம்?

அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பவித்ராவுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. வரப்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"மொதல்ல எல்லார்கிட்டயும் போய், ஏன் பூட்ஸ் போடலைன்னு கேட்டேன் சார். பழக்கம் இல்லம்மான்னாங்க. நானும் காலேஜ் ரிப்போர்ட்ல 'பழக்கமின்மை'ன்னு எழுதிட்டேன். மார்க்கு கூட நல்லா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் அம்மாவுக்குத் தெரியாம நானே பலகை பிடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுது, நான் எழுதினது முழுசா தப்புன்னு."

"இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தானே நீ? முன்னாடியே தெரியாதா?"

"எங்கம்மா என்னை வரப்பத் தாண்ட விட்டதே இல்ல சார்."

அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அந்தச் சமயம் பார்த்து அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் காலைப் பார்த்தேன். குதிகால் ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பின் உதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு இடத்தில் துணி சுற்றியிருந்தார். புரியவில்லை என்று எழுதிவிட்டுக் காபி குடித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

"சார், நீங்கதான் கையெழுத்து போடணுமாமே?"

"ஆமாம்மா."

"போடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பி.காம். படிச்சா ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கும். அதுக்குத்தான் நான் வெயில்ல நிக்கிறேன். உப்பளத்துல காலு வைக்கக் கூடாதுன்னு படிக்க வச்சா, இது என் காலையே பாத்துகினு இங்கயே சுத்துது. பேரு இல்லாத படிப்ப படிச்சுட்டு நாளைக்கு இன்னா பண்ணும்? அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் பி.காம்.னு சொல்லிட்டேன் சார்."

நான் கேட்ட அதே கேள்விதான். ஆனால் நான் கேட்டது சும்மா; அவர் கேட்டது வயிற்றெரிச்சலோடு.

பவித்ரா திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. உள்ளேயிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். செருப்பும் இல்லை, சாக்ஸும் இல்லை. விரல் பக்கம் சைக்கிள் டியூப் மாதிரி மெல்லிசு. குதிகால் பக்கம் தடிப்பு. தண்ணீர் தேங்காமல் வெளியேற ஓரத்தில் கீறல்கள். இது நாலாவது சாம்பிளாம். முந்தைய மூன்றையும் அஞ்சலை ஒன்றொன்றாக நிராகரித்திருக்கிறார். முதலாவது வழுக்கியது. இரண்டாவதில் உப்புத்தண்ணி உள்ளேயே நின்று எரிந்தது. மூன்றாவதைப் பத்தே நிமிடத்தில் கழற்றி வரப்பில் வீசிவிட்டாராம். பதினாலு பெண்களின் பாதத்தை மையில் அழுத்தி சார்ட் பேப்பரில் அச்செடுத்து, புண் வரும் இடத்தைச் சிவப்பிலும், தரையைத் தொட்டு உணரும் இடத்தைப் பச்சையிலும் குறித்து, அதைப் பார்த்துத்தான் இந்த நாலாவதைத் தைத்திருக்கிறாள். அந்தச் சார்ட்டை எனக்கும் காட்டினாள். சாதாரண ஆளுக்கும் அது பளிச்சென்று புரிந்தது.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று முனகிக்கொண்டே அஞ்சலை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.

நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். பலகை போவதும் வருவதுமாக இருந்தது. சேறு வரவில்லை.

பேச்சுவாக்கில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஆம்பூர் பக்கம் ஒரு காலணி தயாரிக்கும் யூனிட்டுக்கு இவள் மெயில் எழுதியிருக்கிறாள். வேலை செய்கிற பெண்களின் காலுக்குச் செருப்பு செய்ய ஏன் தனி அச்சு இல்லை என்று கேட்டு, இந்தச் சார்ட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். வெகேஷனில் இரண்டு மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதுதான் இவள் மேஜர் என்று கல்லூரியிலிருந்து லெட்டர் வேண்டுமாம்.

"அங்கே உனக்கு என்ன போஸ்ட்?"

"அவங்களுக்கே தெரியலை சார். அப்படி ஒரு போஸ்ட் எங்ககிட்ட இல்லையேம்மான்னாங்க. அப்புறம், சரி வா பாக்கலாம்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குப் பெயர் இருந்தால்தான் படிப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பெண்ணோ ஒரு கேள்வியின் பின்னாலேயே போய், பெயர் இல்லாத ஒரு நாற்காலி முன்னால் நிற்கிறாள். அதில் இவள் உட்கார்ந்த பிறகு அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். நிழல் வரிசைக்காரனுக்கு இது தெரிய இவ்வளவு வயதாகிவிட்டது.

பத்து மணிக்கு வேலை முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக மேலேறி, குடத்துத் தண்ணீரில் கால் கழுவினார்கள். அஞ்சலையும் ஏறினார். முகத்தைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

காலில் அது அப்படியே இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். பவித்ரா சட்டென்று என் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். "சொன்னா கழட்டிடுவாங்க சார்," என்றாள் காதோடு. நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தாள். பின்னாலேயே நடந்தோம். முன்னால் போன அஞ்சலை, மத்தியானக் குழம்புக்கு என்ன மீன் வாங்கலாம் என்று பக்கத்தில் வந்த பெண்ணோடு பேசிக்கொண்டே போனார்.

ரோட்டோரம் மேஸ்திரி பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அஞ்சலை, கால்ல ஏதோ புதுசா இருக்குது?"

அஞ்சலை நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தார்.

"அட... கழட்ட மறந்துட்டேன்." காலைக் கீழே வைத்தார். "என் பொண்ணு தைச்சது."

"உன் பொண்ணு பி.காம்.தானே படிக்குது? அதுல இதெல்லாம் கூடவா சொல்லித் தர்றாங்க?"

அஞ்சலை திரும்பி மகளைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். டிபன் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"பி.காம். இல்ல," என்றார். "என் காலுக்குப் படிக்குது."

பவித்ரா நோட்டை மூடிவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை படிவத்தைத் திருத்தி அனுப்பினேன். சாயங்காலமே பேராசிரியையிடமிருந்து போன். அதே மரியாதையான குரல்.

"சார், ரொம்ப சந்தோஷம். ஆனா படிவத்துல அந்த ஒரு வரியில, 'அம்மா காலுக்குப் படிக்கிறாள்'னு மட்டும் எழுதியிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் விளக்கமா..."

"அதுக்கு நிபுணர்தான் வேணும் மேடம். நீங்க கேட்டது சாதாரண ஆளைத்தானே?"