ஆறாம் மாதத்தில் ஒரு கப்பல் பயணம்

என் கணவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போன வருடம், சென்னையிலிருந்து கிளம்பும் மூன்று நாள் சொகுசுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் என் மாமியாருக்கும் இடம் பதிவு செய்தார். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நிபந்தனைகளை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். பக்கம் பக்கமாக இருந்ததால் நான் படிக்கவில்லை. அவரும் படிக்கவில்லை.

துறைமுகத்தில் சீட்டைச் சரிபார்த்த பெண், என் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை வாரம் என்று கேட்டார். இருபத்தைந்து என்றேன். இருபத்து நான்கு வாரம் தாண்டியவர்களை ஏற்றுவதில்லை என்றார்.

"ஏனுங்க, அவ நல்லாத்தானுங்க இருக்கறா. டாக்டரே போலாம்னு சொன்னாருங்க" என்றார் கணவர்.

நடுக்கடலில் பிரசவம் பார்க்க வசதியில்லை என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னார்.

மூவரும் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். மாமியார் என் கையைப் பிடித்து, "நீ பத்திரமா ஊட்டுக்குப் போ சாமி. நாங்க போயிட்டு வந்தர்றோம்" என்றார்.

"அம்மாவத் தனியா உட முடியாதில்ல" என்றார் கணவர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சேலம் வரை ரயிலில் தனியாக அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது மகள் தவழ்கிறாள். எங்கே போவதென்றாலும் நிபந்தனைகளை முழுதாகப் படித்த பிறகே பதிவு செய்ய விடுகிறேன். எங்களில் ஒருவர் போக முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது என்றும் முதலிலேயே கேட்கிறேன். அதைக் கேட்டால் மட்டும் அவர் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்.