பின்கட்டில் நின்ற பட்டாளம்

சைக்கிளுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டும் டியூப் ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்தால் ஒரு வாசனை வரும். மூக்குக்குள் ஏறிக் கொஞ்சம் கிறுகிறுக்க வைக்கும் அந்த வாசனைதான் என் பிள்ளைப் பருவம். மல்லிகையும் சாம்பிராணியும் மற்றவர்களுக்கு இருக்கட்டும். திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் நாங்கள், பின்னால் நெளிந்த ரிம்மும் தேய்ந்த டயரும் போட்டு வைக்கிற ஓர் அறை. அதைப் "பின்கட்டு" என்போம். ஐம்பதுகளின் நடுவில் என் அண்ணன் வேலுவும் நானும் அந்தப் பின்கட்டில் ஒரு பட்டாளம் வளர்த்தோம்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும்போது, பண்ருட்டியிலிருந்து பொம்மைக்காரர் ஒருவர் வைக்கோல் பரப்பிய கூடைகளில் மண் பொம்மைகளைக் கொண்டுவந்து எங்கள் சந்து முனையில் கடை விரிப்பார். தீபம் முடியும்வரை அவர் எங்கள் கடைச் சைக்கிளைத்தான் இரவல் கேட்பார் என்பதால், வழியில் கை உடைந்த சிப்பாய்களும் மூக்குப் பெயர்ந்த குதிரைகளும் வர்ணம் பூசாத ராஜாக்களும் அவர் ஊர் திரும்புகிற அன்று எங்களுக்கு வந்துவிடும். அண்ணன் உடைந்த கையைச் சொல்யூஷன் வைத்து ஒட்டுவான், ஸ்போக்கை நறுக்கி வேல் செய்து கொடுப்பான், மட்கார்டில் நம்பர் எழுதுகிற மெல்லிய பிரஷ்ஷை அப்பா சாப்பிடப் போகிற நேரம் பார்த்து எடுத்துவந்து, டப்பாவின் அடியில் காய்ந்து கிடக்கும் பெயிண்டை மண்ணெண்ணெய் விட்டு இளக்கிப் பூசுவான். அவன் படைக்குச் சிவப்பு, என் படைக்குப் பச்சை. இடுப்புக் கச்சையின் மடிப்புக்கூட விடாமல் வரைவான். நான் பூசினால் வழியும். "நீ பூசினா மழையில நனைஞ்சவன் மாதிரி நிக்கிறான்டி" என்று துடைத்துவிட்டுத் தானே திரும்பப் பூசுவான். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவன் பூசியது நன்றாகவே இருக்கும் என்பதால் அந்தக் கோபம் ரொம்ப நேரம் போகாது.

சண்டை தரையில் நடக்கும். பித்தளைத் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆட்களை நகர்த்தலாம், ஓர் ஆளுக்கு ஒரு ஸ்போக் நீளம். தாயம் விழுந்தால் பீரங்கி. பீரங்கி என்றால் சைக்கிள் சக்கர அச்சுக்குள் உருள்கிற "பால்ரஸ்" இரும்புக் குண்டு ஒன்றை விரலால் சுண்டிவிடுவது. பட்டு விழுந்தவன் செத்தான்.

செத்தவர்களை என்ன செய்வது என்ற சட்டம் அம்மாவின் ஊரிலிருந்து வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவளுடைய கிராமம். கோடையில் அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும், கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணைக் குவித்துத் துரியோதனனை ஒரு வீட்டு நீளத்துக்கு மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பக்கத்தில் இளந்தாரிகள் சிலர் செத்தவர்களாகப் படுத்திருப்பார்கள், மேலே வெள்ளைத் துணி. பூசாரி வந்து வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் உடம்பை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது நிஜமாகவே செத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு அழுதேன். அண்ணன் கண் கொட்டாமல் பார்த்தான்.

ஊர் திரும்பியதும் சட்டம் போட்டுவிட்டான். அத்தனை பெரிய ஆளை விடக் கூடாது என்று துரியோதனனைத் தன் ராஜாவாக வைத்துக்கொண்டான், எனக்குத் தருமர். சண்டையில் விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். ராஜா விழுந்தால்தான் ஆட்டம் முடியும். முடிந்ததும் ஜெயித்தவர் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ராஜாவிலிருந்து கடைசிச் சிப்பாய்வரை எல்லாரையும் எழுப்ப வேண்டும். தோற்றவர் தொடக் கூடாது. "கொன்னவன்தான் எழுப்பணும், அதான் நாயம்" என்றான்.

ஒரு பங்குனியில், ஆட்டம் பாதியில் இருந்தபோது, கட்டையைக் கையில் வாங்கிய அண்ணன் உருட்டாமல் தரையில் வைத்துவிட்டு, "தலைய வலிக்குது" என்று டயர்க் குவியலில் சாய்ந்தான். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு முகத்தில் முத்து போட்டது. பெரியம்மை. "ஆத்தா வந்திருக்கா" என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது, கடைக்கு ஆள் வருவது நின்றது, என்னை அவன் படுத்திருந்த அறைக்குள் விடவில்லை. கதவருகே என் காலடிச் சத்தம் கேட்டு அவன் உள்ளிருந்து சொன்னான்: "களத்துல கை வெக்காதடி. இப்ப என் ஆட்டம்."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. முத்து இறங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். தலைக்கு ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை அண்டாவில் நிரப்பி, அம்மா முற்றத்து வெயிலில் வைத்திருந்தாள். அந்தத் தண்ணீர் சூடேறுவதற்குள் அவன் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்து வீடு வாய் மூடிக் கிடந்த நாட்களில், ஒரு மத்தியானம் நான் பின்கட்டில் களத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் படையில் பாதிப் பேர் கிடந்தார்கள், துரியோதனன் நின்றுகொண்டிருந்தான். அம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரும் ஒரு கொத்து வேப்பிலையுமாக வந்தாள். அதுவரை அந்த விளையாட்டை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

"எழுப்புடி" என்றாள்.

யாரை எழுப்பச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் அண்ணன் போட்ட சட்டம் நாக்கில் வந்து நின்றது. "ஆட்டம் முடியலம்மா. இப்ப அண்ணன் ஆட்டம். நான் ஜெயிச்சாத்தான் எழுப்பலாம்."

வேறொரு அம்மாவாக இருந்தால் அறைந்திருப்பாள். என் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், சிவப்புப் படைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப அவனுக்கு நான் போடறேன். எப்படின்னு சொல்லிக் குடு."

அவள் தோற்பதற்காகவே உட்கார்ந்தாள், நான் ஜெயிப்பதற்காகவே விளையாடினேன். நடந்ததோ வேறு. அவள் உருட்டும்போதெல்லாம் தாயமும் பன்னிரண்டும் மாறி மாறி விழுந்தன. வேண்டுமென்றே துரியோதனனை என் குண்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள்; என் குண்டு தரையின் மேடு பள்ளத்தில் தட்டி விலகிப் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு சுண்டியது என் குதிரைவீரனைச் சாய்த்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அம்மா உள்ளங்கையில் கட்டையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "நான் போடலடி. அவன்தான் போடறான். தோக்க மாட்டேங்கறான் பாரு" என்றாள். பிறகு சிரித்தாள். அவன் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல். எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் மத்தியானமும் உட்கார்ந்தோம். அதற்கு அடுத்த நாளும். அப்பாவுக்கு இது ஆகவில்லை. பின்கட்டைக் காலி செய்து பொம்மைகளை ஏரியில் போட்டுவிடலாம் என்றார். "செத்தவன் சாமானை வெச்சிருந்தா அவன் இங்கயே சுத்துவான்" என்று அவர் சொன்னதற்கு, அம்மா அரிசி களைந்துகொண்டே, "சுத்தட்டுமே" என்றாள்.

நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்த வருஷத் தீபத்துக்குப் பண்ருட்டிக்காரர் வந்ததும் அம்மாவே போய்க் கூடையில் கை விட்டுப் பொறுக்கினாள். "உதவிக்கு ஆள் வந்திருக்குடி" என்று இரு பக்கத்துக்கும் பிரித்துப் போட்டு, தானே பெயிண்டும் பூசினாள். பிரஷ்ஷே பிடித்தறியாதவள், ஆனால் கோலம் போட்ட விரல்கள், எங்கேயும் நடுங்கவில்லை. வருஷா வருஷம் இப்படிப் படை பெருகியது. மூன்றாவது தீபமோ நான்காவதோ, அவள் பூசி வைத்த சிவப்புச் சிப்பாய்களைப் பார்த்தேன். உதட்டுக்கு மேல் பூனைமயிர் மாதிரி மெல்லிசாக ஒரு கோடு இழுத்திருந்தாள். "இது என்னம்மா?" என்றதற்கு, "இப்ப அரும்பியிருக்கும்ல" என்றாள். அடுத்த வருஷத்து ஆட்களுக்கு மீசை கொஞ்சம் அடர்ந்தது. அதற்கும் அடுத்த வருஷம் கிருதாவும் வந்தது. என் பச்சைச் சிப்பாய்கள் மட்டும் எப்போதும் போல இருந்தார்கள். நான் அந்தச் சிவப்பு முகங்களை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

எனக்குப் பொறாமையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் என் எதிரே வந்து உட்கார்ந்தவள் என் அம்மா இல்லை, அண்ணனுக்காகக் கட்டை உருட்டுகிற கை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால் "ம்" என்பாள். பார்வை களத்தில் இருக்கும். ஒரு நாள் வீம்பாகக் குறி பார்த்துத் துரியோதனனை நோக்கிக் குண்டைச் சுண்டினேன். நேராகப் போயிற்று. அம்மா சட்டென்று கையைக் குறுக்கே வைத்தாள். குண்டு அவள் விரல் கணுவில் பட்டுத் தெறித்தது. "வேணாம்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோற்க வந்தவளுக்குத் தோற்கிற எண்ணம் எப்போதோ போய்விட்டது. அவன் ராஜா விழுந்தால் ஆட்டம் முடியும். முடிந்தால் நான் தண்ணீர் தெளித்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் யாரும் வராவிட்டால் அவள் எங்கே போவாள்? நான் அதற்குப் பிறகு துரியோதனன் பக்கம் குண்டு விடவில்லை. வயசுக்கு வந்த பெண், பாவாடையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஜெயிக்காமல் இருப்பதற்காகப் பாடுபட்டு விளையாடினேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி வேலூருக்குப் போனேன். கிளம்புகிற அன்று அம்மா தலையைத் தடவி, "நீ போய்ட்டு வா. ரெண்டு கையும் நானே ஆடிக்கறேன்" என்றாள். ஆடவும் செய்தாள். ஆடிக்கும் பொங்கலுக்கும் வரும்போது, பைகளைக்கூட வைக்காமல் பின்கட்டை எட்டிப் பார்ப்பேன். ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு பின்கட்டுக் கதவைத் தள்ளினேன். என் படையில் ஒருவர்கூட நிற்கவில்லை. அத்தனை பச்சையும் சாய்ந்து கிடந்தது. நடுவில் என் தருமர் மல்லாந்து கிடந்தார். எதிரில் துரியோதனன் நின்றுகொண்டிருந்தான், சுற்றிலும் மீசை வைத்த அவன் ஆட்கள். அவனுக்குக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு கிண்ணம். தண்ணீர் வற்றி மஞ்சள் மட்டும் அடியில் வெடித்துப் படிந்திருந்தது, பக்கத்தில் காய்ந்த வேப்பிலை.

அப்பா வாசற்படியில் நின்று சொன்னார்: "போன வாரம் முடிச்சா. 'உங்க புள்ள ஜெயிச்சுட்டான்'னு வந்து சொன்னா."

நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. நாங்கள் கூப்பிட்டு அவன் வராமல் போய்விடுவானோ என்று இத்தனை வருஷம் பயந்தவள், கடைசியில் அவனை ஜெயிக்க வைத்துவிட்டாள். ஜெயித்தவன் வந்து எழுப்ப வேண்டும். தான் போட்ட சட்டத்தை வேலு மீறியதே இல்லை, அது அவளுக்குத் தெரியும்.

கடை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது. மணிக் கணக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுத்த தலைமுறையே ஓய்ந்துவிட்டது. பெரியம்மை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லையாம். மாத்திரை எழுதித் தருகிற சின்னப் பையனான டாக்டர் அதைப் புத்தகத்தில் படித்ததாகச் சொல்கிறான். எனக்கும் வயசாகி, கணவர் போன பின் ஊர் திரும்பி, வேங்கிக்கால் பக்கம் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறேன். என் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் களம் அப்படியே இருக்கிறது, சிவப்பு நின்றபடி, பச்சை கிடந்தபடி, துரியோதனன் பக்கத்தில் அம்மா வைத்த கிண்ணமும். வீட்டு வேலைக்கு வருகிற பெண் தூசு தட்டும்போது ஒரு தடவை என் தருமரை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டாள்; நான் போட்ட சத்தத்தில் பயந்துபோனாள்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று மகன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக மஞ்சள் கரைத்து வைக்கிறேன். காய விடுவதில்லை, அவ்வளவுதான்.