நான் நல்லதென்று சொன்ன மடக்கு மம்பட்டி

இரும்புக் கடையில் நிற்பவனுக்குச் சீக்கிரம் தேய்வது செருப்பு இல்லை, வாய்தான். ஏதாவது ஒரு கடையில் நின்று, "இது நல்லதா?" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி வயிறு கழுவியவர்கள் இதைப் படித்தால் என்னை அதிகம் திட்ட மாட்டார்கள். மற்றவர்கள் தாராளமாகத் திட்டலாம். நானே என்னைத் திட்டி முடித்து நாளாகிறது.

சங்கரன்கோவிலில் அந்தக் கடையில் எனக்குச் சம்பளம் விற்பதற்கு மட்டும் இல்லை. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதைக் கையாண்டு பார்த்து, தேறுமா தேறாதா என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பேர் எனக்கு இருந்தது. ராயகிரியிலிருந்து வருகிறவர்கள்கூட, முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே அவரைத் தாண்டி என்னிடம் வந்து கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

வாழை மூட்டில் பரீட்சை

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். உலகச் சண்டை முடிந்து மிஞ்சிப்போன பட்டாளத்துச் சாமான்களை எங்கெங்கோ ஏலம் போட்டார்கள். எங்கள் முதலாளி மதுரைக்குப் போய் ஒரு லாரி நிறையப் பச்சைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே சாமான். முழங்கை நீளத்துக்குச் சற்றே கூடுதலாக ஒரு மரப்பிடி, நுனியில் கூரான ஒரு இரும்புத் தகடு, இரண்டும் சேருகிற கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் தளர்த்தினால் தகடு பிடியோடு மடங்கிப் படுத்துக்கொள்ளும். நேராக நீட்டி இறுக்கினால் மண் அள்ளும். பாதி வளைத்து இறுக்கினால் மம்பட்டி, அதாவது மண்வெட்டி, மாதிரி கொத்தலாம். ஓரத்தைத் தீட்டிவைத்தால் வேரும் வெட்டலாம். இடுப்பில் தொங்கவிட ஒரு கித்தான் உறை வேறு. ஊரில் அதற்கு மடக்கு மம்பட்டி என்று பேர் விழுந்தது.

முதலாளி ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல் என்றார். கடைக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் பாய்கிற வாழை மூட்டில், அந்த அடி மண்ணில்தான் நான் அதைப் பார்த்தேன். ஈர மண் அல்வாத் துண்டு மாதிரி வெட்டிக்கொண்டு வந்தது. மூன்று விதமாகவும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிற ஊரில், கிணற்றடி வாழை மூட்டில் ஒரு மம்பட்டிக்குப் பரீட்சை வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நல்ல சாமான் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நீ நல்லதுன்னுட்டேல்லா, இனிமே அது நல்லதுதாம்லே. வித்துக் காட்டு."

கால் வைக்கிற இடம்

முதலில் வந்தவர் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி, நாலு ஏக்கர் குளத்துப் பாசனக்காரர். நான் தகட்டை நேராக நீட்டி இறுக்கி, கடை வாசல் மண்ணில் ஊன்றி, அதன் தோளில் வலது காலை வைத்து அழுத்திக் காட்டினேன். பட்டாளத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பூட்ஸ் உண்டு. எனக்கு வெறுங்கால். தகட்டு விளிம்பு உள்ளங்காலில் ஏறியதைப் பல்லைக் கடித்து மறைத்துக்கொண்டேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை. கால் இருந்த இடத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மம்பட்டி தவறிக் காலில் இடறினாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதை நான் மறந்து போயிருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிற எடத்துல காலைத் தூக்கி வைக்கச் சொல்லுதீரே, நீரெல்லாம் பிள்ளகுட்டிக்காரரா வே?"

பட்டாளத்துக்காரர்

அதற்கப்புறம் காலால் மிதித்துக் காட்டுவதை விட்டுவிட்டேன். பாதி வளைத்து, கொத்துகிற மம்பட்டியாகவே காட்டினேன். அதிலும் ஒரு சிக்கல். நம் ஆட்கள் மம்பட்டித் தகட்டைத்தான் கடையில் வாங்குவார்கள். கணை, அதாவது பிடியை, அவரவர் உயரத்துக்கும் கைவாகுக்கும் ஏற்றபடி ஆசாரியிடம் செதுக்கிக்கொள்வார்கள். இதற்கோ பிடி ஏற்கெனவே போட்டு வந்துவிட்டது, அதுவும் குட்டைப் பிடி. ஆறடி ஆள் இதை வைத்துக் கொத்த வேண்டுமானால் தரையில் மண்டி போட வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது சிவகிரிக்காரர் ஒருவர் வந்தபோதுதான் தெரிந்தது. பர்மாவில் இருந்துவிட்டு வந்தவர், இடது கை மடங்காது. பெட்டியைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து, ஒற்றைக் கையால் ஒரு உதறு உதறி விரித்தார். படுத்துக்கொண்டே குழி பறிக்கத்தான் குட்டைப் பிடி என்றார். தலைக்கு மேலே குண்டு போகும்போது நீளக் கணையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று கொத்த முடியாதாம். பிறகு வளையத்தைத் தடவிப் பார்த்து, "மணல் ஏறுனா இது பிடிச்சுக்கிடும். தெனமும் தொடைச்சு எண்ணெய் விடணும். வாங்குறவன்ட்டச் சொல்லிக் குடுங்க" என்றார். தலையாட்டினேன். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் எண்ணி நாலுதான் விற்றிருந்தது. எண்ணெய், துடைப்பு என்று ஆரம்பித்தால் அதுவும் போகாது என்று நினைத்தேன்.

உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பழகின சாமானாயிற்றே என்று கேட்டேன். அவர் அதை மடக்கிப் பெட்டியிலேயே வைத்தார். "வேண்டாம் அண்ணாச்சி. இதை வச்சு நான் வெட்டுன குழியில ஒண்ணுமே மொளைச்சதில்ல."

திருப்தியான ஒரே வாடிக்கைக்காரர்

இவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காபி கிளப் வைத்திருந்தவர். ஒன்று வாங்கிப் போய்ப் பத்து நாள் கழித்து இன்னொன்றுக்கு வந்தார். விறகடுப்புக்குள் கை விடாமல் சாம்பல் வாரவும், தணலை இழுக்கவும், மூலையில் மடக்கிச் சாத்தவும் தோதாக இருக்கிறதாம். மனம் குளிர்ந்து, வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லியும் இருக்கிறார், எனக்கே காதில் விழுந்தது: "தங்கமான சாமான். மண்ணுல மட்டும் வச்சிரக் கூடாது."

வெயிலுமுத்து கேட்ட கேள்வி

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. குளங்கள் வறண்டு, கம்பும் சோளமும் முழங்கால் உயரத்திலேயே கருகின. ஆடு வைத்திருந்தவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்குப் புறப்பட்டார்கள். வெயிலுமுத்து அப்படிப் போகிற வழியில் கடைக்கு வந்தான். ஊருக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் காட்டுக் கிராமம் அவனுக்கு. என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனும் பெண்டாட்டி பேச்சியுமாக அறுபது எழுபது ஆடு மேய்த்தார்கள். அவர்களுக்கு நிலம் கிடையாது. நம்பியிருந்தது அந்த ஆடுகளைத்தான். தோளில் கம்பளி, தூக்குச் சட்டி, அரிவாள், எல்லாவற்றுக்கும் மேலே நீளக் கணை போட்ட பழைய மம்பட்டி.

மம்பட்டி எதற்கு என்றால், வழியில் ஓடைகளில் தண்ணீர் இருக்காது. மணலைத் தோண்டினால் ஊற்று கசியும். ஆடுகளுக்கு அதுதான் குடிதண்ணீர். மம்பட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. பழைய மம்பட்டியில் தகடு தேய்ந்திருந்தது, வேறு தகடு மாற்றத்தான் வந்தான். நான் மடக்கு மம்பட்டியை எடுத்து நீட்டினேன். இடுப்பில் தொங்கவிட்டுக்கொள், தோள் பாரம் குறையும் என்றேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணல்ல ஊத்து தோண்ட இது ஒண்ணு போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டான். போதும் என்றேன். "பழசையும் கூட வச்சுக்கிடவா?" என்றான். இரண்டு பாரம் எதற்கு, பழசை இங்கே போட்டுவிட்டுப் போ, விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றேன்.

வளையத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் மறக்காமல் மடக்கி உறையில் போடச் சொன்னேன். எண்ணெய்ப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பேச்சி வாசலில் ஆடுகளை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான்: "நீங்க சொன்னாச் சரிதான். எனக்கு ஆட்டப் பத்தித் தெரியும், இரும்பப் பத்தி என்ன தெரியும்."

துணியில் சுற்றி வந்தது

மூன்று வாரத்தில் திரும்பி வந்தான். பேச்சி கூட வந்திருந்தாள், ஆடுகளைக் காணோம். இடுப்பில் உறை இல்லை. பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்ததைப் பலகைமேல் மெதுவாக வைத்துப் பிரித்தான். மடக்கின மடக்கிலேயே இருந்தது. வளையத்தைச் சுற்றிக் கல்லால் தட்டின வடுக்கள்.

நடந்ததைப் பேச்சிதான் சொன்னாள். முதல் நாலு நாள் நன்றாகத் தோண்டியிருக்கிறது. நான் சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் மணலோடு மடக்கி மடக்கி உறையில் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் ஆடுகள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காணாமல் ஓடைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் வளையம் திருகவில்லை. கல்லால் தட்டினார்கள், பல்லால்கூடக் கடித்துத் திருகிப் பார்த்திருக்கிறான். பிறகு கையாலும் சட்டி மூடியாலும் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மணல் நனைந்திருந்தது. அந்த வாசனைக்கு ஆடுகள் எல்லாம் நெருக்கிக்கொண்டு வந்து குழியைச் சுற்றி மிதிக்க, தோண்டின மணல் அத்தனையும் உள்ளே சரிந்தது. விரட்ட விரட்ட வந்தன. திரும்பத் தோண்டினார்கள், திரும்பச் சரிந்தது. கடைசியில் அவன் மூன்று மைல் ஓடி ஒரு தோட்டத்தில் மம்பட்டி இரவல் வாங்கி வந்தான். அதற்குள் சினையாடுகளும் மற்றதுமாக மந்தையில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. படுத்ததில் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. அவை போன பிறகு மந்தை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, இருந்ததைச் சிவகிரிச் சந்தையில் கொடுத்துவிட்டார்கள். பேச்சி சொல்லும்போது கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். நகங்கள் இருந்த நிலையை நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

என் கை சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷம். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் நாலு சொட்டு வளையத்தில் விட்டு, குறட்டால் பிடித்து ஒரு திருகு திருகினேன். மணல் கரகரவென்று உதிர்ந்து வளையம் சுற்றியது, தகடு விரிந்து நின்றது. அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். வெயிலுமுத்து அந்த நாலு சொட்டு விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னை அறைந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

முதலாளி எழுந்து வந்து, அவனுக்கு என்ன வேண்டுமோ எடுத்துக் கொடு, ஒன்றும் வாங்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இனி ஆடு இல்லை, கூலிக்குத்தான் போக வேண்டும், அதற்கு மம்பட்டி வேண்டும் என்றான் வெயிலுமுத்து. பழசு இருக்கிறதா என்று கேட்டான். அது அப்போதே பழைய இரும்போடு லாரியில் போயிருந்தது. மம்பட்டித் தகடுகள் அடுக்கியிருந்த பக்கம் போனேன். இருப்பதிலேயே கனமான ஒன்றை உருவி, வழக்கம்போல வாயைத் திறந்தேன். அவன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டான். பிறகு, கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "நல்லதுன்னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. சும்மா குடுங்க, கொண்டு போறேன்."

அதற்குப் பிறகும் அந்தக் கடையில் பல வருஷம் நின்றேன், எதைக் காட்டி "இது நல்லதா?" என்று யார் கேட்டாலும் அதன் எடையை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவேன், அதனால் யாருடைய ஆடும் செத்ததாக இதுவரை தகவல் இல்லை.